அளக்க வந்தவள் தண்ணீர் குடிக்கவில்லை

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் பிள்ளை. தாயில்லாமல் வந்தவன், என் கைச்சோறு தின்று வளர்ந்து இப்போது லாரி ஓட்டுகிறான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், என் வீட்டு வாசல் ஏறிய யாரும் வெறும் வயிற்றோடு இறங்கியதில்லை. கரன்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கூட ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுத்தான் போவார்.

அப்படிப்பட்ட வீட்டில், போன மாதம் ஒரு பெண் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

எப்போதும் போல நான் சொல்கிறேன், பெரியவன் மகள் போனில் அடிக்கிறாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதுவும் பஸ் கிளம்புகிற அவசரத்தில் போட்டால் எனக்கே புரியாது.

விஷயம் இதுதான். நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் வெளி எல்லையைச் சரி பார்க்க வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் வாங்கிய சர்வேயர் என்று பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தறிக்காரர் மகளாம். முப்பது வயது இருக்கலாம்.

பெரியவன் கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு காத்திருந்தான். அவள் பைக்கில் ஏறவில்லை. ஆட்டோ பிடித்துத் தனியாக வந்து இறங்கினாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

நானோ விடியற்காலையில் எழுந்து களி கிண்டி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதுதானே வழக்கம்? அளக்கக் கூப்பிட்ட வீட்டில்தான் அளக்கிறவருக்குச் சாப்பாடு. வண்டியில் அழைத்து வந்து, வயிறு நிரப்பி, அப்புறம்தான் வயலுக்கு. என் மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான்.

"வேணாம் ஆயா, கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்த டிபன் பாக்ஸைத் தட்டிக் காட்டினாள். தண்ணீர்? அதற்கும் பாட்டில்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இவ அந்த வூட்டுல துன்னுட்டு வந்துகீறா. அவங்க இவள வாங்கிட்டாங்க."

அந்த வீடு என்றால் தேசம்மா வீடு. பக்கத்து நிலத்துக்காரி, என் வயதுதான். எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு டிராக்டர் எங்கள் எல்லைக் கல்லைப் புரட்டிப் போட்டது. பெரியவன் கண்ணளவில் திருப்பி நட்டான். தேசம்மா, கல் தன் பக்கம் தள்ளி நிற்கிறது என்றாள். நான் முருகன் மலையைப் பார்த்து, இம்மியும் நகரவில்லை என்று சத்தியம் செய்தேன். ஊரே பார்த்தது. நாலு வருஷம் கழித்து அந்தக் கல்லை நம்பித்தான் ஓரத்தில் போர் போட்டோம். நல்ல தண்ணீர். எங்கள் கரும்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது.

ஆக, கல் தப்பென்றால் போர் போச்சு. என் சத்தியமும் போச்சு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராக வயலுக்குப் போய் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னத் தாண்டி எங்க அளக்கறேன்னு பாக்கறேன்" என்றேன். யார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாய் என்றும் கேட்டேன். வரப்பில் தேசம்மாவோடு நின்ற நாலு பேர் காதில் விழும்படிதான் கேட்டேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. தேசம்மாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள்.

எட்டு வருஷத்துக்கு அப்புறம் தேசம்மா என்னைப் பார்த்துப் பேசினாள். "எங்கூட்டு வாசலுக்கு எல்லை கேக்க வந்தா. மோரு குடுத்தேன், தொடல. பெரிய மனுஷின்னு ஒரு மரியாத இல்ல."

"எங்கூட்டுல கோழிக்கொழம்பே வேணான்னுட்டா" என்றேன் நான்.

"என்னா வளர்ப்போ..." என்றாள் தேசம்மா.

பாருங்கள் கூத்தை. எட்டு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கிழவிகள், ஒரு பெண்ணைத் திட்டுவதில் ஒத்துப்போய்விட்டோம். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். அப்புறம் என் பக்கத்தில் குனிந்து சொன்னாள்: "உங்க வூட்டுத் தண்ணியக் குடிச்சா அந்தம்மா நான் போடற கோட்ட நம்ப மாட்டாங்க. அவங்க மோரக் குடிச்சா நீங்க நம்ப மாட்டீங்க. குடிக்காதப்பவே நீங்க நம்பல பாருங்க ஆயா."

நான் கல்லை விட்டு எழுந்தேன். மனம் ஆறி எழுந்தேன் என்று நினைக்காதீர்கள். அவள் எங்கே பிசகுகிறாள் என்று பார்க்க வரப்பிலேயே நின்றுகொண்டேன்.

தொடங்கும் முன் லைசென்ஸ் அட்டையை இரண்டு பக்கத்துக்கும் காட்டினாள். தன்னைக் கூப்பிட்டது நாங்கள்தான் என்பதையும் தேசம்மா எதிரிலேயே சொன்னாள். டேப்பின் ஒரு முனையை எங்கள் ஆள் பிடிக்க வேண்டும், மறுமுனையை அவர்கள் ஆள். மூன்று கால் ஸ்டாண்டில் மிஷினை வைத்து, கால்வாயோரம் இருக்கிற பழைய சர்வே கற்களிலிருந்து அளவு பிடித்து வந்தாள். ஒருமுறை முடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து தன் டிபனைச் சாப்பிட்டாள். தயிர் சாதம்.

இரண்டு முறையும் ஒரே கணக்கு. நாங்கள் நட்ட கல் நாலடி தேசம்மா நிலத்துக்குள் நிற்கிறது. எங்கள் போர், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை அடி.

பெரியவன் அவளைக் கரும்பு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அவன் பேசியது எனக்குக் கேட்டது. "ரெண்டடிதாம்மா தங்கச்சி. அந்தப் பக்கம் தள்ளிப் போடு. நாங்க பாத்துக்கறோம்."

"சார், இப்ப சொன்னத அவங்க எதிர வந்து சொல்லுங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அண்ணா என்றுகூட அழைக்கவில்லை பாருங்கள், சாராம்.

அவன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விடாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை அவளிடம் அழுது புரண்டு கேட்பான், இன்னொரு சர்வேயரைக்கூடக் கொண்டு வருவான். களி தின்கிற சர்வேயராகப் பார்த்து.

"நடும்மா கல்ல, நீ சொல்ற எடத்துல" என்றேன். பிறகு தேசம்மாவிடம் போனேன். "நான் மலயப் பாத்துச் சொன்னது தப்பு" என்றேன்.

அவள் கரும்புப் பக்கம் திரும்பினாள். "ஆங்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளே மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். தண்ணீர் வேண்டுமென்றால் தன்னைக் கேட்டுப் பாய்ச்சிக்கொள்ளட்டும் என்று தேசம்மா சொல்லி அனுப்பினாளாம். கேட்கமாட்டேன். வேறு இடத்தில் போர் போடுவோம். அங்கே தண்ணீர் வராவிட்டால் கரும்புக்குப் பதில் வேர்க்கடலை.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆளைக் கூப்பிட்டு வந்து போரைத் தாரை வார்த்த கிழவியாம். டீக்கடையில் சிரிப்பாம். சிரியுங்கள். உங்கள் வீட்டு எல்லைக்கு நாளை யாராவது கல் நடும்போது, அவர் முந்தின வேளை எந்த வீட்டில் கை நனைத்தார் என்று நீங்களும் கேட்கத்தானே போகிறீர்கள்? கோட்டுக்கு இரண்டு பக்கமும் வீடு இருக்கிறது. கோடு போடுகிறவளுக்கு எந்தப் பக்கமும் வீடு இருக்கக் கூடாது. இது படிக்காத எனக்கே புரிகிறது. கோழி அடித்தவள் சொல்கிறேன், அளக்க வருகிறவருக்கு இனி என் வீட்டில் தண்ணீர் கிடையாது. யார் மரியாதை இல்லை என்றாலும் சரி.

இதோ, இதை அடித்துக்கொண்டிருந்த பேத்தி நிறுத்திவிட்டாள். "ஆயா, அப்பா கேட்டத எடுத்துடவா?" என்கிறாள். பாவம், அவளுக்கு அப்பன். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்ன பழியையும் சேர்த்தே எடுத்துவிடலாமாம்.

ஒரு எழுத்தையும் நகர்த்தாதே. எங்கே, முதலிலிருந்து படி... கேட்கிறேன்.