ஒரு டிகிரி சாய்வு

அடுத்தவர் போட்ட கணக்கில் தப்பு கண்டுபிடித்தே முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற அன்று சிவப்பு மைப் பேனாவைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மளிகைக்கடைப் பட்டியல், டவுன் பஸ்ஸின் நேரப் பலகை, பங்குச்சாமியாரின் பிரசங்கம் என்று எதையும் விடாமல் திருத்திக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆனது உங்கள் உத்தியோகம்தான், உங்கள் வாய் இல்லை என்று என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் வீட்டின் பின்புறம் இரண்டு அறைகள் சேர்த்துக் கட்டலாம் என்று போன ஆடியில் வேலையைத் தொடங்கினோம். ஆடியில் ஊரில் யாரும் புதிதாக வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்களான எங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் அந்தக் கொத்தனார் எங்களுக்குக் கிடைத்தார். மற்ற மாதங்களில் அவரைப் பிடிப்பது குதிரைக் கொம்பு.

அறுபதைத் தொட்ட ஆள். ஒடிசலான உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, தலையில் துண்டு. செங்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் அது புசுபுசுவென்று குமிழி விடும். குமிழி அடங்கும்வரை ஒரு கல்லைக்கூட எடுக்க விடமாட்டார். எடுத்த கல்லை உள்ளங்கையில் ஒரு தடவை புரட்டி, நல்ல முகத்தை வெளியே வைத்து உட்காரவைப்பார். கரணையின் பிடியால் இரண்டு தட்டு. பிதுங்கிய கலவையை ஒரே இழுப்பில் வழித்து அடுத்த கல்லுக்கு வைத்துவிடுவார். இருபது வருடமாக அவரோடு வேலை செய்யும் சித்தாள் ஒரு அம்மாள், அவர் கேட்காமலே கல்லை நீட்டுவார். நாலு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கோணலாகக் கட்டிவிட்டுப் பூச்சைத் தடிமனாக அப்பி நேராக்குகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு முகம் மாறும். தன் சுவருக்கு அரை அங்குலப் பூச்சு போதும், அதற்குமேல் ஒரு கரண்டி கலவை செலவானால் அது கட்டினவன் செய்த குற்றம் என்பார். இதைக் கேட்டுத்தான் பக்கத்து மனைக்காரர் அவரிடம் மயங்கினார். அவருக்குத் தை மாதம் வீடு ஆரம்பிக்கும் உத்தேசம். தினமும் சாயங்காலம் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். தையில் பூஜை போட்டால் நீங்கள்தான் வந்து முதல் கல் வைக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டார். முழு வீடு. ஒரு வருடத்து வேலை. கொத்தனார் அன்றைக்கு வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாக வேலை செய்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் எனக்குப் புது போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் மட்டம் பார்க்கிற வசதி ஒன்று இருந்தது. போனை எதன்மேல் வைத்தாலும் எத்தனை டிகிரி சாய்வு என்று எண்ணாகக் காட்டும். கேட்க வேண்டுமா? கட்டில், பீரோ, மாதா மாடம் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒருநாள் சாயங்காலம், ஐந்தடி ஏறியிருந்த சுவரின் வெளிப்பக்கத்தில் போனின் முதுகை ஒட்டி வைத்தேன். ஒரு டிகிரி என்று காட்டியது. வெளிப்பக்கமாகச் சாய்வு.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து மனைக்காரரும் சித்தாளும் நிற்கும்போதே கூப்பிட்டேன். அவர் போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு தூக்குக்குண்டை எடுத்து நூலைத் தொங்கவிட்டார். ஆடிக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. சித்தாள் காலி சிமெண்டுச் சாக்கை விரித்துப் பிடித்து மறைத்தும் குண்டு ஒரு இடத்தில் நிற்கவில்லை. தன் கணக்குக்கு நேராகத்தான் இருக்கிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான் விடுவேனா? சுண்ணக்கட்டியை எடுத்து அவர் கட்டிய செங்கல்மேலேயே கணக்குப் போட்டேன். ஐந்தடி உயரத்துக்கு ஒரு டிகிரி என்றால் உச்சியில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அடியில் இரண்டு கோடு இழுத்தேன், வகுப்பில் விடைக்கு இழுப்பதைப் போல.

அவர் சுவரின் ஓரத்தில் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். இதை இரண்டு மூன்று தடவை செய்தார். மழுப்புகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பிரிச்சுடுறேன் சார்."

இருட்டுவதற்குள் அந்தச் சுவரை அவர் கையாலேயே பிரித்தார். கலவை இன்னும் சரியாக இறுகாத கல் ஒவ்வொன்றையும் எடுத்து, வழித்துச் சுத்தம் செய்து அடுக்கினார். உதவிக்கு வந்த சித்தாளைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. வாத்தியார் இன்னும் சாகவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் கட்டியதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மூன்று வரி ஏறியதும் கரணையைக் கீழே வைத்துவிட்டு வந்து, போனை வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உள்ளே என்பேன். அவர் கல்லைத் தட்டி உள்ளே தள்ளுவார். மறுபடி மூன்று வரி, மறுபடி போன். தூக்குக்குண்டு சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. காலையில் எத்தனை கல் வைக்கிறவர், அதில் பாதிகூட வைக்கவில்லை.

பதினொரு மணி டீக்கு நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். அவராகவே விஷயத்தைச் சொன்னார். மாசி மாதம் ஒரு முகாமில் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லையாம். நேர்கோடு சில நேரம் வளைந்ததைப் போலத் தெரிகிறது, போகப்போகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னாராம். அதனால் நேற்று நான் சொன்னதும் சுவர்மேல் சந்தேகம் வரவில்லை, தன் கண்மேல்தான் வந்தது என்றார்.

"நாப்பது வருஷமா கட்டுறேன் சார். ஒரு சுவரப் பிரிச்சதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். பக்கத்து மனைக்காரர் காதுக்குப் போச்சுன்னா தை வேலை நம்மகிட்ட வராது."

என் வாயிலிருந்து வராது என்று சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம்தான் சுவர் மறுபடி ஐந்தடியைத் தொட்டது. போன் பூஜ்யம் காட்டியது. கொத்தனார் கைகால் கழுவப் போயிருந்தபோது சித்தாள் என்னிடம் வந்தார். அதுவரை என்னிடம் நேருக்கு நேர் பேசாத அம்மாள். காற்று அப்போதுதான் நின்றிருந்தது. குண்டைச் சுவரின் உள்பக்கம் தொங்கவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னார். தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டிய குண்டு கீழே சுவரை விட்டு விலகி நின்றது. அந்தச் சந்தில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது.

"முதல்ல கட்டுனதுதாங்க நேரு. இதுதான் சாயுது. அண்ணன் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியுது. தன் கண்ண நம்பாம உங்க போன நம்பிக் கட்டுறாரு."

போனைச் சுவரின் உள்பக்கத்தில் வைத்தேன். இரண்டு டிகிரி சாய்வு என்றது. ஒரே சுவர். வெளியே பூஜ்யம், உள்ளே இரண்டு. நான் வாத்தியார் என்பதற்கு அப்போதுதான் ஒரு பிரயோஜனம் வந்தது. வீட்டுக்குள் போய்க் கண்ணாடி மேஜைமேல் போனை மல்லாக்க வைத்து ஒரு ஓரத்தில் அழுத்தினேன். அது ஆடியது. பின்பக்கம் கேமரா துருத்திக்கொண்டிருந்தது. அந்தத் துருத்தல் முட்டுக் கொடுத்துத்தான் எந்தச் சுவரில் வைத்தாலும் ஒரு டிகிரியைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

காலையில் அவர் வந்ததும் சொன்னேன். போனை மேஜையில் ஆட்டிக் காட்டினேன், சுவரின் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினேன். முதலில் கட்டியதுதான் நேர், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். என் மன்னிப்பெல்லாம் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா சார்?"

நன்றாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். அந்த வேலையில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இரண்டாவது சுவரைப் பிரிக்கும்போது சித்தாளிடம் ஏதோ கேலிகூடப் பேசினார். மூன்றாவது சுவர் ஒரே நாளில் ஏறியது. என் போன் அன்று முழுக்கச் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. பூச்சுக்கு அரை அங்குலத்துக்குமேல் எங்கேயும் தேவைப்படவில்லை.

பிறகு ஐப்பசி அடைமழை, கொஞ்சம் தாமதம், மரவேலை, பெயிண்ட். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பங்குச்சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். உறவுக்காரர்கள், தெருக்காரர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வது வழக்கம். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு சித்தாளுடன் வந்திருந்தார். பக்கத்து மனைக்காரரும் குடும்பத்தோடு வந்திருந்தார். தை பிறக்க ஒரு மாதம்கூட இல்லை.

ஐந்து மாதமாக என் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அவரை நான் அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது தனியாக. அது நியாயமில்லை என்று பட்டது. வேட்டித் தட்டைக் கையில் எடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டேன். போன் கதையைச் சொன்னேன், தப்பு என்னுடையதுதான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், சாமியாரும் சிரித்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிரிப்பைக் கேட்டதும் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. இவருடைய திறமையை இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அதுவும் எப்படி? ஒரு கண்ணுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, கோடு வளைஞ்சு தெரியுற நேரத்துல, இந்தச் சுவர நூல் பிசகாமக் கட்டிக் குடுத்தாரு."

கை தட்டினார்கள். நான் தட்டை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் என்னை முறைக்கவில்லை. பார்வை என்னைத் தாண்டிப் பக்கத்து மனைக்காரரிடம் போய்விட்டு வந்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், சாமியாரைக் கும்பிட்டார். இலை போட்டிருந்தோம். எல்லாரும் பந்திக்குத் திரும்பிய நேரத்தில் வாசலில் அவருடைய சைக்கிள் இல்லை. சித்தாள் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுப் போங்கள் என்றேன். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவரும் நடந்தார்.

என் மனைவி அவர்களுக்குப் போட்டிருந்த இரண்டு இலையையும் எடுத்து மடித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கை கழுவிவிட்டு வந்த பக்கத்து மனைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண் விஷயம் உண்மையா என்றார். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஐம்பது பேர் கேட்ட பிறகு எதைச் சொல்லி மறைப்பது? அவர் கையைப் பிடித்துப் புது அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வேலை முடிந்த அன்று சித்தாள் எங்கள் வீட்டிலேயே விட்டுப்போயிருந்த குண்டையும் நூலையும் எடுத்து அந்தச் சுவரில் நானே தொங்கவிட்டேன். பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு நான்கு இடத்தில் காட்டினேன். நான்கு இடத்திலும் குண்டு தொட்டும் தொடாமலும் நின்றது. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது என்றேன், இந்த வட்டாரத்தில் இப்படிக் கட்டுகிற ஆள் கிடையாது என்றேன். எல்லாவற்றையும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். சுவரைக் கையால் தடவிக்கூடப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிதாங்க சார், சுவரு நேராத்தான் இருக்கு. இருந்தாலும் கண்ணு விஷயம் பாருங்க. வேற நல்ல கொத்தனாரு யாராச்சும் இருந்தா சொல்லுங்க."