கொக்குப் படத்தில் நான் வெட்டிய நிழல்

நான் ஒரு படத்தைத் திருடினேன். கிள்ளான் ஆற்றோரப் பூங்காவில் நிற்கும் வெண்கலக் கொக்குச் சிலையின் படம் அது. எடுத்தவர், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தாதி. தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். அதனால் அவர் எல்லாருக்கும் மிஸ்ஸி அக்கா. திருடியவனுக்கு வயது எழுபத்து நான்கு. முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று எத்தனையோ பேருக்காக மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறேன். எனக்காகச் சொல்ல வந்தபோதுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

மிஸ்ஸி அக்கா வெள்ளிக்கிழமை மாலை கொமுட்டர் ரயிலேறி கிள்ளானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார். சனிக்கிழமை விடிந்ததும் பூங்காவுக்கு நடை. அங்கே அந்தச் சிலைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். எப்போதாவது ஆற்றிலிருந்து நிஜக் கொக்கு ஒன்று வந்து அதன் முன்னால் நின்று முறைக்குமாம். அதைப் படம் பிடிக்கப் பல சனிக்கிழமைகள் காத்திருந்து, கடைசியில் பிடித்துவிட்டார். மூக்குக்கு மூக்கு இரண்டு கொக்குகள். அலுவலக முகப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஆளைப் போல நிஜக் கொக்கு கழுத்தை நீட்டியிருந்தது. படத்தின் அடியில், புல்லின்மேல், எடுத்தவரின் நீண்ட நிழல் விழுந்திருந்தது. கொண்டையும் கைப்பையும் தெளிவாகத் தெரிந்தன.

லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது என்னிடம் காட்டினார். "சார், நம்ம சமூக மண்டபத்துல படக் கண்காட்சி வைக்கிறாங்களே, இதைக் குடுக்கலாம்னு பார்க்கிறேன். ஆனா சிலையைச் செஞ்சது வேற யாரோ. காப்பிரைட் கேஸ் வரும்னு மக பயமுறுத்துறா. நீங்க கோர்ட்ல இருந்தவரு, சொல்லுங்களேன்."

"எனக்கு அனுப்பி வையுங்க, பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் காட்ட வேணாம்" என்றேன். நீதிபதியே சொல்வது போலச் சொன்னேன்.

பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிலையைப் படமெடுக்கலாம், பகிரலாம் என்று நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. உடனே இரண்டு மாடி இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. லிஃப்ட்டில் நாலு பேர் முன்னால் அவர், "நம்ம விஷயம் என்னாச்சு சார்?" என்று கேட்பதும், நான், "கொஞ்சம் சிக்கலான விஷயம்" என்று தலையாட்டுவதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் பெருமை. திருட்டு அடுத்த வாரம் நடந்தது.

எங்கள் காலை நடைக்காரர்களுக்குக் கைப்பேசியில் ஒரு புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு, உண்டு. விடிந்தால் வணக்கம் அனுப்புவதில் அங்கே பெரிய போட்டி. எல்லாரும் அண்ணன் என்று அழைக்கும் சேலைக்கடைக்காரர் ரோஜாவும் அருவியுமாக அனுப்பி எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தார். கண்காட்சிக் குழுவின் தலைவரும் அவர்தான். மிஸ்ஸி அக்கா இந்த வணக்கத் தொல்லை தாங்காமல் எப்போதோ குழுவை விட்டு விலகியவர். அந்தத் துணிச்சலில் ஒரு காலை கொக்குப் படத்தை எடுத்தேன். அடியில் இருந்த நிழலை வெட்டினேன். அந்த இடத்தில் 'இனிய காலை வணக்கம்' என்று போட்டு, கீழே என் பெயரையும் போட்டேன். சிலை எல்லாருக்கும் பொது, சட்டமே அனுமதிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிலை பொதுவானாலும் படம் எடுத்தவருக்கே சொந்தம் என்பது மறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. மறந்ததுபோல் இருந்தேன்.

ரோஜாக்கள் அன்றே தோற்றன. கொக்கு செந்தூல் போயிற்று, அம்பாங் போயிற்று, எனக்கே மூன்று முறை திரும்பி வந்தது.

ஒரு மாதம் என் பதிலுக்குக் காத்து அலுத்துப்போன மிஸ்ஸி அக்கா, வருவது வரட்டும் என்று படத்தை எடுத்துக்கொண்டு சேலைக்கடைக்கே போய்விட்டார்.

"அக்கா, இது சாரோட கொக்கு லா!" என்றிருக்கிறார் கடைக்காரர், வாடிக்கையாளர்கள் முன்னால். "தினமும் நாலு பேர் எனக்கு அனுப்புறாங்க. இந்த வயசுல இது ஏங்க்கா உங்களுக்கு?"

அவர் வாதாடவில்லை. நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சிலை செஞ்சவரு என்னைக் கள்ளின்னு சொல்லிடுவாரோன்னு பயந்தேன் சார். அவரு சொல்லலை. நீங்க அடுத்தவங்களைச் சொல்ல வச்சிட்டீங்க."

உள்ளே வந்து உட்காரும்படி நாற்காலியைக் காட்டினேன்; அவர் வாசலைத் தாண்டவில்லை.

"சட்டம் என்ன சொல்லுது? இப்பவாவது சொல்லுங்க."

"குடுக்கலாம். தாராளமா."

"எப்பத் தெரியும்?"

"நீங்க கேட்ட அன்னைக்கே."

"காய்ச்சலே இல்லாத ஆளை ஒரு மாசம் வார்டுல படுக்க வச்சிட்டீங்க" என்றார். போகும்போது திரும்பி, "நிழலை வெட்டுறப்போ கை நடுங்கலையா?" என்று கேட்டார்.

நடுங்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கண்காட்சிக்குப் படம் கொடுக்க மறுநாளே கடைசி நாள். அப்போதே புலனக் குழுவில் எழுதினேன்: கொக்குப் படம் என்னுடையது அல்ல, மிஸ்ஸி அக்காவினுடையது, நான் திருடினேன். ஐந்து நிமிடத்தில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. 'சார் மனசு யாருக்கு வரும்!' 'அக்கா மானத்தைக் காப்பாத்த எப்படி விட்டுக்கொடுக்கிறார் பாருங்க!' சேலைக்கடை அண்ணன் ஓர் அழும் முகத்தை அனுப்பினார். ஒப்புக்கொண்ட குற்றவாளிக்கு மாலை போட்ட நீதிமன்றத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றேன். இரண்டு படங்களையும் கைப்பேசியில் காட்டினேன்.

"இது அவங்க எடுத்த முழுப் படம். இது நான் வெட்டினது. நிழலைப் பாருங்க அண்ணே."

"நிழல் யாருக்கும் இருக்கும் சார். நீங்க ரொம்ப நல்லவரு, விடுங்க."

"நிழலுக்குக் கொண்டை இருக்கு" என்று தொப்பியைக் கழற்றினேன்.

பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஐயோ, அங்கிளுக்கு ஒரு முடிகூட இல்லையே!" என்றாள். கடையே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தார், என் மண்டையைப் பார்த்தார், முகம் சிவந்தது. "அக்காவைப் போய் அப்படிக் கேட்டுட்டேனே" என்று கண்காட்சி விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு அப்போதே மூன்றாம் மாடிக்குக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

அவர் மன்னிப்புக் கேட்டதை மிஸ்ஸி அக்கா ஏற்றுக்கொண்டார், பாரத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு என்னிடம், "சிலையைச் செஞ்சது யாரு?" என்றார்.

"பேரு போடணும்னு கட்டாயம் இல்லை. சட்டம்..."

"சட்டம் கேக்கலை சார். நான் கேக்கிறேன்."

அன்றே கொமுட்டரில் கிள்ளான் போனேன். சிலையின் பீடத்தில் பாசி மூடிய தகடு ஒன்று இருந்தது. மண்டியிட்டுக் கைக்குட்டையால் தேய்த்தேன். கொஞ்சம் தள்ளி நிஜக் கொக்கு நின்று என்னையே பார்த்தது. தகட்டில் சிலை செய்தவரின் பெயர் தெரிந்தது. கண்காட்சியில் படம் முழு நிழலோடு தொங்கியது, கீழே இரண்டு பெயர்கள். அங்கே மிஸ்ஸி அக்காவைச் சுற்றி எப்போதும் ஆட்கள். நான் தூரத்திலேயே நின்றேன்.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. லிஃப்ட்டில் பார்த்தால், "எந்த மாடி சார்?" என்று கேட்கிறார், பன்னிரண்டு வருடமாகத் தெரிந்திருந்தும்.

"அஞ்சு" என்று சொல்கிறேன்.

என் பெயர் போட்ட கொக்கு இன்னும் ஊர் சுற்றுகிறது. போன வாரம் செந்தூலிலிருந்து என் சொந்த அக்காவின் மகன் அனுப்பினான். 'படம் என்னுடையது அல்ல' என்று எழுதினேன். 'இருக்கட்டும் லா மாமா, எடுத்தவங்க வந்து கேக்கவா போறாங்க' என்றான். முழுப் படத்தை அவனுக்கு அனுப்பலாமா என்று மிஸ்ஸி அக்காவுக்குச் செய்தி போட்டுக் கேட்டேன். மத்தியானம் வரை பதிலில்லை. அதுவரை நானும் அனுப்பவில்லை. பிறகு வந்தது: 'அனுப்புங்க. கொண்டையோட.'