எல்லை தாண்ட மாட்டார்கள் என்றேன்

என் தம்பி அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா போனபிறகு ஆனையூர் வீட்டில் அம்மா, நான், அவன் என மூன்று பேர்தான். நான் மிஷன் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது தம்பி எதிரே வந்து உட்கார்ந்தான். குளிர் நாடு ஒன்றில் இரும்புத் தொழிற்சாலைக்கு வெல்டர் எடுக்கிறார்களாம். ஏஜெண்ட் ஒருவர் எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். அந்த நாட்டைப் பல காலமாக ஒரே ஆள்தான் ஆண்டுகொண்டிருந்தார். பக்கத்து நாட்டின் எல்லையில் அவருடைய படைகள் குவிவதாக டிவியில் தினமும் காட்டினார்கள். பயிற்சிக்காக என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அங்க சண்ட வரும்ங்கறாங்க. நீதான் இதெல்லாம் படிச்சிருக்க. போகலாமா?" என்று கேட்டான்.

நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சும்மா மெரட்டிப் பாப்பாங்கடா. எல்லை தாண்ட மாட்டாங்க. தாண்டுனா அவங்களுக்குத்தான நட்டம்" என்றேன்.

அப்போது என் கையிலிருந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கான காரணங்கள். ஜெர்மனியின் சர்வாதிகாரி முதலில் ஒப்பந்தத்தை மீறிப் படை திரட்டினார்; யாரும் தடுக்கவில்லை. பிறகு ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டார். அடுத்ததைக் கேட்டபோது, இதோடு விட்டுவிடுவார் என்று நம்பி மற்றவர்களே கொடுத்தார்கள். சண்டையில்லாமல் ஒவ்வொன்றும் கிடைக்கக் கிடைக்க, தன்னை யாரும் நிறுத்த முடியாது என்ற எண்ணம் அவருக்கு வளர்ந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் எவரும் பக்கத்தில் மிஞ்சவில்லை. நான் நடத்தியதை அப்படியே எழுதியிருந்தாள் அந்த மாணவி. முழு மதிப்பெண் போட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தம்பி போன மூன்றாம் மாதம் படை எல்லையைத் தாண்டியது. அந்த நாட்டை ஆண்டவர் முன்பொருமுறை அதே பக்கத்து நாட்டின் ஒரு துண்டைப் பிடுங்கியதும், உலகம் கண்டித்துவிட்டுப் பழையபடி வியாபாரம் செய்ததும் எனக்குத் தெரியாத செய்தி இல்லை. தெரிந்திருந்தும் தம்பி கேட்டபோது நினைவுக்கு வரவில்லை.

"நாங்க இருக்கது ரொம்பத் தள்ளிக்கா, பயப்படாத" என்று போனில் அவன்தான் எனக்குத் தைரியம் சொன்னான். சில வாரங்களில் முடிந்துவிடும் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். முடியவில்லை. தம்பி இருந்த நாட்டின் பையன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், தப்பியோடினார்கள். போர் வேண்டாம் என்றவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆள் போதாமல் போனபோது, வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். விசாவை நீட்டிக்க வேண்டும் என்று தம்பியிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவனால் அதில் ஒரு எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் ஜெயில் என்றார்கள். போட்டான்.

கடைசியாகப் பேசியபோது அவன் குரல் மெலிந்திருந்தது. "பள்ளம் தோண்டுற வேலைதான்னாங்கக்கா. துப்பாக்கியக் குடுத்துட்டாங்க. எதுக்க நிக்கிறவன் மேல எனக்கு என்ன கோவம்னே தெரியல." லைன் அறுந்துபோனது.

கலெக்டர் ஆபீசுக்கு மனு, தில்லிக்கு மனு என்று அலைந்தேன். ஒவ்வொரு இடத்திலும் அன்பாகத்தான் பேசினார்கள். பிறகு ஒரு காலையில், நான் வகுப்பில் இருக்கும்போது, தூதரகத்திலிருந்து போன் வந்தது.

பெட்டி மதுரை விமான நிலையத்துக்கு வந்துசேர இன்னும் பல வாரம் ஆனது. தகரம் வைத்து அடைத்த நீளப்பெட்டி. திறக்கக்கூடாது என்றார்கள். அம்மா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு அங்கே நின்ற அதிகாரியிடம், "ஐயா, தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். அம்மா பெட்டியின் நடுவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. போகலாமா என்று அவன் என்னிடம்தான் கேட்டான், ஒன்றும் ஆகாது என்று நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "தெரியும்" என்றாள். "அக்காவே சொல்லிருச்சும்மான்னு சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னான். அதுக்கப்புறந்தான் நானும் சரின்னேன்."

திட்டுவாள், அல்லது உன் தப்பில்லை என்பாள் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. அவள் கீரையைத் தொடர்ந்து உருவினாள். போன் வந்த நாளிலிருந்து அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.