பேப்பரம்மா நீக்கிய படம்

பேப்பரம்மா மண்டியிட்டுத்தான் படம் எடுப்பார். "நின்னுக்கிட்டு எடுத்தா பிள்ளைங்க குட்டையாத் தெரியும். ஜெயிச்ச பிள்ளை குட்டையாத் தெரியலாமா?" என்பார். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்கள் மடங்கும்போது சொடுக்கும். "கேட்டீங்களா, என் முட்டியே உங்களுக்குக் கைதட்டுது" என்றதும், விறைத்து நின்ற வரிசை கலகலத்துவிடும். அந்தக் கணத்தில்தான் பொத்தானை அழுத்துவார்.

அந்தச் சிறுநகரத்தின் அரசுப் பள்ளிகளையெல்லாம் கவனிக்கும் கல்வி அலுவலகத்தில் அவர் செய்திப் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். எந்தப் பள்ளியில் யார் எதில் வென்றார்கள் என்று வாராவாரம் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் போடுவார். அதையே ஒற்றைத் தாளாக அச்சடித்து, கடைகளில் தானே போய் ஒட்டிவிட்டும் வருவார். அதனால் ஊருக்கு அவர் பேப்பரம்மா. குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கணவர் மட்டும், "உன் கண்ணுல பட்டா எறும்புக்கும் ஒரு பரிசு உண்டு" என்று கேலி செய்வார். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. சதுரங்கக் கோப்பைக்குக் கொடுத்த அதே அளவு இடத்தைத் திக்குவாய்ப் பையன் ஒருவன் மேடையில் ஒரு கவிதையைக் கடைசி வரி வரை சொல்லி முடித்ததற்கும் கொடுத்தவர் அவர். ஆனால் தலைமையாசிரியர்கள் 'மாபெரும் சாதனை' என்று எழுதி அனுப்பினால் முதல் சொல்லை அடித்துவிடுவார். "யானையை யானைன்னு சொன்னாப் போதாதா? பெரிய யானைன்னு வேற சொல்லணுமா?"

அந்த ஆண்டு பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப் பந்தயத்தில், எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் முதலாவதாக வந்தாள். பேப்பரம்மா முடிவுக்கோட்டருகே மண்ணில் மண்டியிட்டுக் காத்திருந்து எடுத்த படம் அது. இரண்டு கால்களும் தரையில் படாமல், வாய் திறந்து, கண் நிறைய வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தாள். படம் போடச் சம்மதமா என்று வீட்டில் கேட்டாயிற்றா என விளையாட்டு ஆசிரியரிடம் விசாரித்தார். "அதெல்லாம் கேட்டாச்சுங்க" என்றார் அவர். காலையில் படம் ஏறியது. மதியத்துக்குள் ஊரில் பாதிப் பேர் அதைக் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க. இப்பவே."

"ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லா வந்ததுதாங்க வினை. யார் பாத்தாலும் அடையாளம் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவ அப்பா எங்களைத் தேடிட்டிருக்கார். அவர் கைக்குத் தப்பித்தான் இந்த ஊருக்கு வந்தோம். என்கிட்ட யாருமே கேக்கலீங்க."

பேப்பரம்மா உடனே கணினியைத் திறந்தார். அவள் பார்த்திருக்கவே படத்தையும் செய்தியையும் நீக்கினார். பிறகு விளையாட்டு ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "பொண்ணுகிட்டதான் கேட்டேன், அவ சரின்னு சொன்னா" என்றார் அவர். திட்ட வாயைத் திறந்த பேப்பரம்மா, மூடிக்கொண்டார். அம்மாவிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அலுவலகத் தலைவருக்கு அதை நீக்க மனமில்லை. "முகத்தை மட்டும் மங்கலாக்கிப் போட்டுடலாமே?"

"பேரு இருக்கு, பள்ளி இருக்கு. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா சார்?"

ஒட்டிய தாள்களைக் கடை கடையாகப் போய்க் கிழித்துக்கொண்டு வந்தார் பேப்பரம்மா. படத்தைப் பரப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "காரணம் கேக்காதீங்க. எனக்காக அழிச்சுடுங்க." எதற்கும் காரணம் சொல்லியே பழகிய வாய். இந்தக் காரணத்தை மட்டும் சொல்ல முடியாது.

சொல்லாத இடத்தில் ஊர் தன் காரணத்தை வைத்துக்கொண்டது. ரொட்டிக் கடைக்காரர்தான் முதலில் கேட்டார். "என்னம்மா, அந்தப் பொண்ணு ஏதோ தில்லுமுல்லு பண்ணி ஜெயிச்சிருச்சாமே? அதான் செய்தியைத் தூக்கிட்டீங்களா?"

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான். அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"அப்ப ஏன் எடுத்தீங்க?"

பேப்பரம்மா திரும்பி நடந்தார். அன்று இரவு சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கணவர் அன்று கேலி செய்யவில்லை. "சோறு ஆறுது" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பள்ளிக்கு ஒரு தொலைபேசி வந்தது. ஓர் ஆண் குரல் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, இங்கேதான் படிக்கிறாளா என்று கேட்டது. எழுத்தர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். அது அந்த அப்பாவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அம்மா பொறுத்துப் பார்க்கத் தயாராக இல்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளே மகளோடு மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்கக் கல்வி அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

பேப்பரம்மா அவர்களைத் தம் அறைக்குள் உட்காரவைத்தார். "என்னை மன்னிச்சுடும்மா" என்றார் அம்மாவிடம். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள் சலிப்பாக.

பெண் தரையைப் பார்த்தபடி, "நான் ஏமாத்தி ஓடுனேன்னு சொல்றாங்க" என்றாள்.

"சொல்றவங்க யாரும் கோட்டுப் பக்கம் நிக்கல. நான் நின்னேன். உனக்குப் பின்னாடி வந்தவ வர்றதுக்குள்ள ரெண்டு மூச்சு விட்டிருப்பேன்."

அவள் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "படத்துல எப்படி இருந்தேன்? நான் பாக்கவே இல்ல. அம்மா பாக்க விடல."

பேப்பரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா மெல்லத் தலையசைத்தாள்.

கேமராவில் அந்தப் படம் இன்னும் இருந்தது. அதைத் தேடியெடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தார். வெளியே தாழ்வாரத்தில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பேப்பரம்மா எழுந்துபோய், அறையின் கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, அவள் பார்த்து முடிக்கிறவரை கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.