ஒன்பதாயிரம் வரி எழுதியவர்

என் கணவர் பக்தவத்சலம் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தமானில் லாங் ஐலண்ட் என்ற தீவில் மர டிப்போ கிளார்க். 1972இல் கல்யாணமான பத்தாம் நாள் கப்பலேறினார். நான் சென்னையில் தங்கினேன். ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில், மெஷின் படிப்பதற்காகப் புரோகிராம் வரிகளை அட்டையில் துளைக்கும் வேலை. பத்து மாதத்தில் பதினேழு கடிதம் வந்தது. மழை, மரம், டிப்போ யானைக்குக் கால் வீக்கம் எல்லாம் இருக்கும். ‘நீ வா’ என்று ஒரு வரி இருக்காது. அம்மா தினமும், “கூப்பிட்டாராடி?” என்பாள். என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்துபோயிருந்தேன்.

கணக்கு என்றால் மட்டும் மனிதர் உருகுவார். அதனால் ஒரு புதிர் அனுப்பினேன். நாலு இலக்க எண் ஒன்று. நாலால் பெருக்கினால் அதே இலக்கங்கள் பின்னிருந்து முன்னாகத் திரும்பி நிற்கவேண்டும். கையால் போடக்கூடாது, மெஷினுக்குப் புரோகிராம் எழுதவேண்டும் என்று சொல்லி, ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் குறிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதிக் கூடவே அனுப்பினேன். அந்தச் சாக்கிலாவது நாலு வார்த்தை கூட வராதா என்ற நப்பாசைதான்.

ஒன்றரை மாதம் கழித்துப் புரோகிராம் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. ஆயிரத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாக எடுத்து, பத்தால் வகுத்து வகுத்து இலக்கங்களைப் பிரித்து, திருப்பிக் கோத்து, நாலு மடங்கோடு ஒப்பிடச் சொல்லியிருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை. அட்டை துளைக்கிறவள் எழுத்தைப் பார்ப்பாளே தவிர அர்த்தத்தைப் பார்க்கமாட்டாள். அப்படியே துளைத்துக் கொடுத்தேன்.

மெஷின் அச்சடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. 1000 நோ. 1001 நோ. 1002 நோ. பேப்பர் மடிந்து மடிந்து தரையில் குவிந்தது. 2178க்கு நேரே மட்டும் எஸ். விடை கிடைத்த பிறகும் விடாமல் 9999 வரைக்கும் நோ. மேலாளர் இராமகிருஷ்ணன் ஓடி வந்தார். “ஏம்மா, பேப்பர் என்ன உன் மாமனார் வீட்டுச் சொத்தா?”

மற்றவர்கள் விடையை மட்டும் அச்சடிக்கச் சொல்வார்கள். இவருக்கு டிப்போ புத்தி. அங்கே கழித்துப்போட்ட மரத்துக்கும் ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதியாக வேண்டும்.

திட்டு வாங்கியபோது அழவில்லை. வீட்டில் அந்தத் தாள் கட்டைப் பிரித்தபோது அழுதேன். ஆகாத எண் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிற மனிதருக்கு, எனக்கென்று ஒன்று எழுத முடியவில்லையா? ஒரு மாத லீவு போட்டேன். கப்பலில் நாலு நாள், போர்ட் பிளேரிலிருந்து படகில் ஒரு பகல்.

படகுத்துறையில் என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. தாள் கட்டை நீட்டினேன்.

“இத்தனை நோ எழுதினீங்களே. எனக்கு எஸ்ஸா, நோவா?”

“உனக்கு எப்படி நோ சொல்வேன்?” என்றார். “இங்க எட்டு மாசம் பாரிஷ், மழைதான். ஜுரம்னா போட் வந்தாத்தான் டாக்டர். மெயின்லாண்ட்ல உனக்கு நல்ல வேலை. நான் கேட்டா நீ வந்துடுவே, ஜெயமணி. அதான் கேக்கல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கடலில் தள்ளியிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

“வந்தாச்சு. இப்பக் கேளுங்க” என்றேன்.

மரம் ஏற்ற வந்த ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, கேட்டார்.