பஞ்சர் ஆகாத டயர்

சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும்போது பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று சரியாகத் தெரியாது. இறங்கி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். போன வருஷம் முழுக்க நான் அப்படித்தான் இறங்கி இறங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் தாண்டினால் ஒரு தடவை, ரோட்டோரச் சிலுவை நிற்கிற குருசடி தாண்டினால் ஒரு தடவை. இறங்காமல் இரண்டு வளைவு போனதில்லை.

நான் முட்டம் கடற்கரையில் இருந்து மீன் கொண்டுபோய் விற்கிறவள். விடியும்போது கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டி, அம்மாண்டிவிளைப் பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முன்பு பஸ்ஸில்தான் போனேன். ஒருநாள் கண்டக்டர் மீன் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். வேறொருத்தி என்றால் பஸ்ஸையே நிறுத்தி அவரை நாலு கேள்வி கேட்டிருப்பாள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. தலை நரைத்த பிறகுதான் அதில் ஏறப் படித்தேன்.

மீன்காரிக்கு வாய் வேண்டும். எனக்கு அது இல்லை. "மீனே" என்று தெருவில் நின்று கூப்பிட இன்றைக்கும் நாக்கு எழாது. சைக்கிள் மணியை அடிப்பேன். என் மணி எது என்று அந்த வீடுகளுக்குத் தெரியும், சட்டியோடு வெளியே வருவார்கள். அந்த வீடுகள் கைவிட்டுப் போனால் சந்தையில்தான் உட்கார வேண்டும். சந்தையில் உட்கார்ந்தால் கூவ வேண்டும். கூவாதவள் மீனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதுதான் எனக்குப் பயம். பஞ்சருக்குப் பயந்தது இதனால்தான்.

எங்கள் தெருவில் தூண்டில் முள் கிடக்கும். தெருவைத் தாண்டினால் கல் ஏற்றிப் போகிற லாரிகளின் டயர் வெடித்து, அதிலிருந்து தெறித்த தலைமுடி போன்ற கம்பி ரோட்டில் கிடக்கும். அதற்கப்புறம் வேலிக்கு வெட்டிப் போட்ட உடைமுள். என் பின்டயரோ தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டது. பஞ்சரான சைக்கிளை வெயிலில் கடைவரை உருட்டி, ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வீடுகளில் சோறு வடித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மீன் வண்டியும் வரத் தொடங்கியது. அவனுக்காக ஒலிபெருக்கி கூவும்.

மஞ்சள் கேட் போட்ட வீட்டு அம்மா ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"நேத்தும் பிந்தின, இன்னைக்கும் பிந்தின. எனக்க வீட்டுல உள்ளவங்க மீன் இல்லாம சோறு எறங்காதவங்க. இனியும் இப்பிடின்னா நான் வண்டிக்காரன்கிட்ட வாங்கிருவேன் கேட்டியா மீன்காரம்மா?"

"டயரு..." என்றேன். சைக்கிளை அடுத்த வீட்டுக்குத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முட்டுவலியில் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கரையில் இருந்து வலை கட்டுகிறவர். அவருக்கு எந்தக் கோளாறுக்கும் வலைதான் மருந்து.

"இதுக்காட்டி மொகத்த இப்பிடி வச்சிருக்க? டயருக்கும் டியூப்புக்கும் நடுவுல நைலான் வலைய நாலா மடிச்சு வச்சுட்டா ஒரு முள்ளும் உள்ள போவாது."

"டியூப்புக்கு வல்லதும் ஆயிருமோ?"

"ஏட்டி, சுறா வந்து முட்டினாலும் அறுகாத வலை. தூண்டில் முள்ளுக்கா அறுகப்போவுது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் எல்லாம் வலையில்தான் நிற்கிறது. கோழிக்கூட்டுக்கு வலை, கிணற்றுக்கு மேல் வலை, முருங்கைக்குச் சுற்றிலும் வலை. சாயங்காலம் முழுக்க இருந்து அவர் மடித்து வைத்தார். இரண்டு நாள் ராஜாத்தி மாதிரி போனேன், அமுக்கிப் பார்க்கக்கூட இறங்கவில்லை. அதற்கு மறுநாள் ஏற்றத்தில் சைக்கிள் கனத்தது. பார்த்தால் ரிம் ரோட்டில் இடிக்கிறது.

பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றினார். உள்ளே இருந்து வலை வந்தது. இன்னும் வந்தது. கடையில் நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"எம்மா, இதுக்குள்ள எந்த மீனுக்கு வலை போட்டிய?" என்று கேட்டார் ஒருத்தர்.

"பாத்து இழும், ஒரு சாளை இருந்தாலும் இருக்கும்" என்றார் இன்னொருத்தர்.

டியூப்பைத் தண்ணீரில் முக்கினார். ஒரு இடத்தில் இல்லை, நெடுகக் குமிழி. ஒவ்வொரு முடிச்சும் டியூப்பை உரசி உரசி ஒரு ஓட்டை போட்டிருந்தது. அன்றைக்கு மீனைப் பாதி விலைக்கு அங்கேயே, சிரித்தவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இவர் டியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிச்சில்லாத வலை வச்சிருக்கணும்" என்றார்.

கடலில் காற்று எழும்பி வள்ளம் இறங்காத ஒரு நாளில் புது டயர் வாங்க நாகர்கோவிலுக்குப் போனேன். பழைய டயரைச் சுருட்டிச் சாக்கில் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். மீன் கூடை இல்லாமல் பஸ்ஸில் ஏறினாலும் கடைசிப் படியோரம்தான் நிற்கத் தோன்றும், நின்றேன்.

சைக்கிள் கடை கண்ணாடி போட்ட கடை. எதிரே ஒரு மரத்தடியில் நின்று, உள்ளே ஆள் குறையட்டும் என்று பார்த்தேன். ஒருவர் போனால் இருவர் வந்தார்கள். இங்கே நிற்கிற நேரத்தில் அங்கே மீன் வண்டி போய்க்கொண்டிருக்கும் என்று நினைப்பு வந்தது. எங்கள் கரையில் காற்றடித்தால் என்ன, அவன் எங்கிருந்தாவது மீன் எடுத்துவிடுவான். அந்த நினைப்புதான் என்னை உள்ளே தள்ளியது.

கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கறுப்பு டயரை மேசையில் வைத்தார்.

"இதுல காத்தே அடிக்காண்டாம். முழு ரப்பர். ஆணியில ஏத்தினாலும் பஞ்சர் ஆவாது."

அதைத் தொட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் கொஞ்சமும் இறங்கவில்லை. இனி வாழ்நாளுக்கும் இறங்கிப் பார்க்க வேண்டாம். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஏதோ உறுத்தியது. கேட்கலாமா வேண்டாமா என்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"பெட்டி குலுங்குமோ?" என்று கேட்டேன்.

"என்ன பெட்டி?"

"மீன் பெட்டி. சாளை. வயிறு பொட்டிச்சுன்னா வாங்க மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். தலையில் தொப்பி, கையில் ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர். வெள்ளிச்சந்தைக்குத் தினமும் வேலைக்கு அந்தச் சைக்கிளில்தான் போகிறாளாம்.

"குலுங்கும்மா. கல்லுமேல போற மாதிரி இருக்கும். நீங்க சொமை வச்சில்லா போறிய" என்றாள். கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, உள்ள பட்டை வச்ச டயர் இவங்க சைஸ்ல கெடைக்குமா?" என்றாள்.

அவர் முனகிக்கொண்டே பரணில் தேடி, மாதிரிக்கு வெட்டி வைத்த ஒரு துண்டை எடுத்தார். அதை வாங்கி அந்தப் பெண் எனக்குக் காட்டினாள். ரோட்டில் படுகிற ரப்பர் மேலே, நூல் துணி அடியில். இரண்டுக்கும் நடுவில் விரல் நகம் கனத்தில் இன்னொரு ரப்பர் பட்டை. முள் இறங்கினாலும் பெரும்பாலும் அந்தப் பட்டையிலேயே நின்றுவிடுமாம்.

"எனக்குள்ளதும் இப்பிடித்தான். லேசான டயர் ஓட்டமா ஓடும், ஆனா தெனமும் ரோட்டுல கெடக்குற எனக்கு அது எதுக்கு? இது கனம், கொஞ்சம் கூட மிதிக்கணும். காத்து எவ்வளவு வைப்பிய?"

"கொறச்சுத்தான். மீன் அலுங்காண்டாம்னு."

"அய்யோ! காத்து கொறைஞ்சா டயர் பரந்துல்லா ஓடும்? கெடக்குறத எல்லாம் பெறக்கிட்டுப் போவும். வாரத்துக்கு ஒருக்கா நல்லா அடிச்சுப் பாருங்க."

டயரை எடுக்க, என்ன சைஸ் என்று கடைக்காரர் கேட்டார். அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு எண் வாசிக்கத் தெரியும்தான். ஆனால் பழைய டயரின் ஓரத்தில் எழும்பி நின்ற எழுத்து பாதி தேய்ந்து போயிருந்தது. விரலால் தடவித் தடவிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பின்சக்கரத்துக்கு மட்டும் வாங்கினேன். சுமை அங்கேதான்.

புது டயர் போட்டு முதல் நாள் முட்டத்து ஏற்றத்தில் தொடை கடுத்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. தப்பான டயரை வாங்கிவிட்டேனோ, நேரமாகுமோ என்று மிதிக்க மிதிக்க ஒரே பதற்றம், வெப்ராளம். பாதி வழியில் பின்சக்கரத்திலிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. இறங்கிச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு கம்பி ஏறி நின்றது.

பிடுங்கலாம். பிடுங்கினால் காற்று போய்விடுமோ? பிடுங்காமல் விட்டால் இன்னும் உள்ளே ஏறுமோ? அந்த ரோட்டில் யாரிடம் கேட்பது? பெட்டி நிறைய மீன். அப்படியே ஏறி ஓட்டினேன். டக், டக் என்று அது கூடவே வந்தது.

மஞ்சள் கேட்டில் மணி அடித்தபோது அந்த அம்மா வெளியே வர நேரமாயிற்று. வந்து மீனைச் செவுளைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"நேத்து அந்த வண்டிக்காரன்கிட்ட வாங்கினேன். கொழம்புல கரைஞ்சுபோன மீனத் தேட வேண்டியதாப் போச்சு. ஒனக்கு வர முடியலன்னா எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"காத்து அடிச்சுது. வள்ளம் போவல்ல."

"ஒன் வாயில இருந்து இவ்வளவு வருதே, அதுவே பெரிசு. நாளைக்கு நெத்திலி கொண்டா."

சில வீடுகளில் மணி அடித்தும் யாரும் வரவில்லை. வண்டிக்காரனிடம் வாங்கிப் பழகிவிட்டார்கள். அதற்காக நின்று வருத்தப்படவும் எனக்குத் தைரியம் இல்லை, டக் டக் என்று அது என்னை விரட்டிக்கொண்டே இருந்தது.

கடைசி வீட்டில் பெட்டி காலியானது. வாசலில் சைக்கிளைச் சாய்த்து, நகத்தால் கம்பியைக் கவ்வி இழுத்தேன். அரை விரற்கடை நீளம் வந்தது. குனிந்து டயரில் காதை வைத்தேன்.

"என்ன மீன்காரம்மா, சக்கரத்துக்கிட்ட ரகசியம் பேசுதியா?" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"பேசல்ல. இது பேசுதான்னு பாக்குதேன்."

காற்றுச் சத்தம் இல்லை. எச்சில் தொட்டு வைத்தும் பார்த்தேன், குமிழி வரவில்லை. கம்பி யார் காலிலும் ஏறாமல் இருக்க மதில் மேல் வைத்தேன். காலிப் பெட்டி தடதடக்க ஏறி மிதித்தேன். நாளைக்கு நெத்திலி வேண்டுமானால் விடியும் முன்னே ஏலத்தில் நின்றால்தான் உண்டு.