டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்

பஸ் நிலையத்தில் அவளை எல்லோரும் சீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் புக்கிங் கவுன்டரில், கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால், வீங்கிய கால்களை ஒரு மரப்பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர் வாயைத் திறக்குமுன்பே அவருக்கு எந்த சீட் என்று முடிவு செய்துவிடுவாள். இடுப்புவலிக்காரரைப் பின்சக்கரத்தின் மேல் உட்காரவிட மாட்டாள். தனியாகப் போகும் பெண்ணுக்குப் பக்கத்து சீட்டை இன்னொரு பெண் வரும்வரை யாருக்கும் தர மாட்டாள்.

டிக்கெட்டோடு இலவசமாக புத்திமதியும் உண்டு. பையை மேலே போடாமல் வாரைக் காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது. பக்கத்து சீட்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கொடுப்பதை வாயில் வைக்கக்கூடாது. பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடந்து வர வேண்டும். கல்யாணமாகிப் போனபோதுகூடத் தன் அம்மா இவ்வளவு சொல்லவில்லை என்று ஒரு பெண் சிரித்தாள். "அது வீடு. இது ரோடு" என்றாள் சீட் அக்கா.

மேஜை டிராயரில் வாந்தி மாத்திரை எப்போதும் இருக்கும். முகம் வெளுத்து வருகிறவர்களுக்கு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துத் தண்ணீரும் கொடுப்பாள்.

அவள் சீட் போடும் கணக்கில் ஒன்று மட்டும் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவளுடைய தம்பி ஓட்டும் பஸ்ஸில், டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள சீட்டை வாயாடிகளுக்கே ஒதுக்குவாள். ஊர்க்கதை பேசுகிறவர், வழி நெடுகக் கேள்வி கேட்கிறவர், மருமகளைத் திட்டித் தீராத மாமியார், இப்படி யாராவது. கூடப் பிறந்தவன் மேல் அப்படி என்ன கோபம், ஊரிலுள்ள ரம்பத்தையெல்லாம் அவன் கழுத்தில் வைக்கிறாயே என்று மேனேஜர் கேலி செய்வார். அவளும் சிரித்து வைப்பாள்.

காரணம் அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். பெற்றோர் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளாமல் இப்போதும் அவனும் மனைவியும் இருக்கும் வீட்டின் மாடியறையில்தான் இருந்தாள். சமீபகாலமாக அவன் பகலில் தூங்கி வழிந்தான். சாப்பிடும்போதே கை தட்டில் அப்படியே நின்றுவிடும். பயந்துபோய் அவள்தான் அவனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் ராத்திரி முழுக்கப் படுத்தாலும் அது தூக்கமே இல்லை என்றார் டாக்டர். முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷினை எழுதிக் கொடுத்தார். அது பழகும்வரை ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார்.

ஒரே ஒரு ராத்திரி மாட்டிப் பார்த்தான். மூஞ்சிக்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது என்று மெஷினைப் பீரோ மேல் போட்டான். கம்பெனிக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் ஆரம்பித்ததும் அவன் முகம் சுருங்கிப்போனது.

"என்னைக் கீழ இறக்கி விட்டா நான் யாரு, அக்கா? சொல்லு."

அவள் கம்பெனிக்குச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அந்த சீட்டைக் கையில் எடுத்தாள். பின்னால் பேச்சுச் சத்தம் ஓயாமல் இருந்தால் அவன் கண் அசராது. ஒவ்வொரு நடையும் பத்திரமாகப் போய் வந்தது. தான் செய்வது சரிதான் என்று அவளும் நம்பத் தொடங்கினாள்.

அந்த சீட்டுக்கு அவள் மிகவும் நம்பியது ஒரு வீட்டுத் தரகரை. பஸ் நிலையத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வெளியூரில் இருக்கும் மகளைப் பார்க்க மாதாமாதம் காலை பஸ்ஸில் போவார். ஏறினால் இறங்கும்வரை வாய் மூடாது. அன்றும் வந்தார், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. வயிற்றைப் பிரட்டுகிறது, பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று பார்க்கிறேன் என்றார். அவள் கை தானாக டிராயரைத் திறந்தது. மாத்திரையைக் கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு ஏறி, வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பிப் போனது.

அடுத்து கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி தனக்கும் ஒரு மாத்திரை கேட்டாள். இதைப் போட்டால் தூக்கம் வருமாமே, குழந்தையை யார் பார்ப்பது என்றும் கேட்டாள்.

"ஆமா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவீங்க" என்று சொன்ன பிறகுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்பது சீட் அக்காவுக்கு உறைத்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தவளே அவள்தான். மதியம் பஸ் நிற்கும் ஓட்டலின் கேஷியரைப் போனில் பிடித்தாள். டிரைவருக்கு நல்ல ஸ்ட்ராங்காக டீ கொடுக்கச் சொன்னாள், ரேடியோவைத் தட்டி எழுப்பச் சொன்னாள். தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று அவர் சிரித்தார். அவனை வண்டி எடுக்க விடாதீர்கள் என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. முதலாளியின் நம்பரும் கையில்தான் இருந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவருக்கு டிக்கெட் போட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் கொளுத்தும் நேரான ரோட்டில், நின்றிருந்த ஒரு லாரியின் பின்பக்கத்தில் பஸ் மோதியது. பலருக்குக் கை கால் முறிந்தது. தம்பி நெற்றித் தையலோடு பிழைத்தான். ரேடியோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். ஓட்டலில் எழுப்பியபோது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாராம். அவருடைய மகள் வந்து அப்பாவின் பையை வாங்கிக்கொண்டு போனாள். அப்பா பேசிக்கொண்டேதான் போயிருப்பார், இல்லையா என்று சீட் அக்காவிடம் கேட்டாள்.

எச்சரிக்கை விளக்கு வைக்காமல் நிறுத்தியிருந்த லாரிமேல்தான் தப்பு என்று விசாரணை முடிந்தது. கம்பெனிக்கும் அதுவே வசதியாக இருந்தது. சீட் அக்கா முதலாளியைத் தனியாகப் பார்த்து, டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, முடிந்துபோன விஷயத்தைக் கிளற வேண்டாம், போய் வேலையைப் பாருங்கள் என்றார். தையல் பிரித்ததும் தம்பிக்கு அதே தடத்தில் வேறு பஸ் கொடுத்தார்கள்.

அவன் கவுன்டருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினான். பழையபடி சிரித்தான்.

"நல்லாப் பேசற ஆளாப் பாத்துப் போடுக்கா."

அவள் எழுந்து வெளியே வந்தாள். அந்தக் கால்களோடு அவள் பிளாட்பாரத்துக்கு நடந்து வந்ததை அதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. பெட்டி படுக்கையோடு நின்றவர்களின் முன்னால் போய், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இந்த பஸ்ல ஏறாதீங்க. இவன் என் தம்பி. ஓட்டும்போது தூங்கிடுவான். அன்னைக்கும் தூங்கித்தான் இடிச்சான்."

கூட்டம் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தம்பி சாவியை பஸ்ஸின் படியில் வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டான். அன்றே அவளுக்கும் வேலை போனது.

சில வாரங்களில் அவன் துணிமணியை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பினான். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மெஷின் பீரோ மேலேயே கிடந்தது. அவன் மறுபடி பஸ் ஓட்டுகிறான் என்பது தம்பி மனைவி யாரிடமோ போனில் பேசியது மாடிப்படியில் கேட்டதால்தான் தெரிந்தது. சீட் அக்கா கீழே இறங்கி வந்து, எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லும்படி கேட்டாள். தம்பி மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"சொன்னா அங்கயும் போய் சொல்லுவீங்க, அண்ணி."

"ஆமா" என்றாள் சீட் அக்கா.

மீதித் துணியையும் எடுத்துக்கொண்டு தம்பி மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.